நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்தபடி

போன வாரம் ஷோரூம்காரர் இரண்டு வண்டிகளை முற்றத்தில் இறக்கிவைத்து, "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைக் குடுத்துடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனாரே, அவர் வெறும் வண்டிகளை இறக்கிவிட்டுப் போகவில்லை. ஒற்றுமையாக இருந்த ஒரு வீட்டின் நடுவில் கோடு போட்டுவிட்டுப் போனார்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் மாமனார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெற்ற தாயே கடைசிக் காலத்தில் அவரை 'டிரைவர்' என்றுதான் கூப்பிட்டாள் என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டுமா? மருமகள் ஒருத்தி மட்டும்தான் 'மாமா' என்பாள்.

டிரைவரின் கட்சி, குவாட் பைக். பைக் மாதிரி ஹேண்டில்பார், காலைத் தூக்கிப் போட்டு உட்காரும் சீட்டு, அடியில் நாலு குண்டுச் சக்கரம். நின்றாலும் தவளை, ஓடினாலும் தவளை. வீட்டில் அதற்குப் பெயரே தவளை ஆகிவிட்டது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மருமகள். அவள் இந்தப் பண்ணைக்கு வந்தபோது ஆடுகள் பன்னிரண்டு, அதில் நாலு நொண்டி. இப்போது எண்பது. சரிவு முழுக்க எலுமிச்சை மரங்கள். எல்லாம் அவள் கால்நடையாக ஏறி இறங்கி உண்டாக்கியது. அவளுடைய கட்சி, யூட்டிலிட்டி வண்டி. ஜீப்புக்குத் தம்பி என்று சொல்லலாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட்டு, ஸ்டியரிங், பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கம்பிகள், பின்னால் சாய்த்துக் கொட்டக்கூடிய ஒரு பெரிய பெட்டி. அதனால் அதற்குப் பெயர் பெட்டி.

"பெட்டி நம்ம மேட்டு கேட்டுக்குள்ள நுழையாதும்மா. நாலு விரல் கூட இருக்கு. நான் நட்ட தூண், எனக்குத் தெரியாதா?" என்பது டிரைவரின் வாதம்.

"தவளையில ஒரு ஆட்டை ஏத்திட்டு வர முடியுமா மாமா?" என்பது மருமகளின் வாதம்.

நடுவில் நீதிபதி, மாமியார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாகப் பதினேழு வருடம் இருந்தவர். ஹெச்.எம். என்றால் இன்னும் காக்கைகூட வரிசையில் நின்றுதான் தண்ணீர் குடிக்கும். அவர் தீர்ப்பைச் சொல்லவில்லை, பரீட்சை வைத்தார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு வண்டியும் தண்ணீர் டேங்க்கை ஏற்றிக்கொண்டு மேட்டுக் கொட்டகைக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஷோரூம்காரர் நாலு மணிக்கு வருவார். தோற்ற வண்டி அவரோடு போய்விடும்.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. தவளைக்காக இரண்டு நாளாகத் தொண்டை கிழியப் பேசிய டிரைவர், அறுபத்து மூன்று வருட வாழ்க்கையில் ஸ்டியரிங் இல்லாத எதன் மேலும் உட்கார்ந்ததில்லை. சைக்கிள் உட்பட.

*

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் வந்தும் வராததுமாக, டிரைவர் பூனை நடை நடந்து ஷெட்டுக்குப் போனார். பரீட்சைக்கு முன்னால் ஒரு ஒத்திகை. யாருக்கும் தெரியாமல்.

ஹேண்டில் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. ஆணியில் மருமகளின் மஞ்சள் கையுறை தொங்கியது. மாட்டிக்கொண்டார். டேங்க்கை முழுக்க நிரப்பாமல் பாதியோடு நிறுத்தினார், வண்டிக்குப் பாரம் குறையுமே என்று. முப்பத்திரண்டு வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது. அந்த அனுபவம் பஸ்ஸில் கிடைத்தது என்பதுதான் தகராறு.

ஷெட்டு வாசல் சரிவில் வாய்க்கால் வரை அருமையாக இறங்கியது. டிரைவர் முதுகை நிமிர்த்தி, அறுபது பயணிகளோடு நெடுஞ்சாலையில் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தவளையில் அப்படி உட்காரக் கூடாது. மேடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். சாய்ந்து ஓட்டுகிறவனைத் தன் காலத்தில் அவர் டிரைவர் என்றே மதித்ததில்லை.

வாய்க்கால் ஓரத்தில் திரும்பும்போது, பின்னால் டேங்க் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, பழக்க தோஷத்தில் தலைக்கு மேலே கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி இல்லை. வானம்தான் இருந்தது. சரி என்று உடம்பையே திருப்பிப் பின்னால் பார்த்தார். தவளைக்கு ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, வலது கட்டைவிரலில். உடம்பு திரும்பியது, கை இறுகியது, கட்டைவிரல் அமுங்கியது.

தவளை தாவியது. பாதி டேங்க் தண்ணீர், பஸ்ஸில் அறுபது பேரும் ஒரே சமயத்தில் இடது ஜன்னலுக்கு ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பக்கமாக ஓடியது. அடுத்த நொடி டிரைவர் வாய்க்கால் சேற்றில் குப்புறக் கிடந்தார். தவளை இரண்டடி தள்ளி மல்லாந்து, நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்தபடி, சுற்றிக்கொண்டிருந்தது.

எழுந்து தடவிப் பார்த்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

இந்த 'ஒரு கீறல் இல்லை' என்ற வார்த்தை அந்த வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பணி ஓய்வு நாளில் கொடுத்த சான்றிதழ். முப்பத்திரண்டு வருடம், விபத்து இல்லை, கீறல் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் படிக்காமல் தண்ணீர் கிடைக்காது. மீட்டர் படிக்க வருகிறவர் அதை மனப்பாடமாகவே ஒப்பிப்பார்.

அந்தச் சட்டத்தை நினைத்ததும் டிரைவருக்குக் காது இரண்டும் கொதித்தன. முந்நூறு கிலோ வண்டியை ஒற்றை ஆளாகப் புரட்ட முடியுமா? தள்ளிப் பார்த்தார், அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அவர் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்தார், சேற்றுச் சட்டையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், ஷூவைக்கூடக் கழற்றாமல் போர்வைக்குள் புகுந்து மோவாய் வரை இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் நாக்கு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. மேல்வரிசையில் முன்பக்கம் நாலு பல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. பல்செட் வாய்க்காலிலேயே தங்கிவிட்டது.

*

ஏழு மணிக்கு ஹெச்.எம். நடைப்பயிற்சியிலிருந்து திரும்பும்போது வாய்க்காலைப் பார்த்தார். முதலில் மருமகளை ஆட்டுக் கொட்டகையிலிருந்து வரவழைத்துக் காட்டினார். அப்புறம் கூடத்தில் விசாரணை.

தடயம் ஒன்றே ஒன்று, வாய்க்காலில் கிடந்த ஒரு மஞ்சள் கையுறை. மருமகளுடையது. இன்னொன்று ஆணியில் பத்திரமாகத் தொங்கியது. டிரைவர் படுக்கப் போகிற அவசரத்தில் ஒன்றைத்தான் கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

மருமகள் சொன்னது இவ்வளவுதான். நேற்று சாயங்காலம் தவளையை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தது உண்மை, ஷெட்டில் கொண்டுவந்து விட்டதும் உண்மை, அதற்கு மேல் தெரியாது.

ஹெச்.எம். கணவர் பக்கம் திரும்பினார். "நேத்து கடைசியா ஓட்டினது இவதானே?"

வாயைத் திறந்தால் பல் இல்லாதது தெரியும். பல் எங்கே என்றால் வாய்க்கால். வாய்க்கால் என்றால் சான்றிதழ். டிரைவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, "ம்" என்றார்.

அது பொய்யில்லைதானே? கடைசியாக, நேற்று, அவள்தான் ஓட்டினாள்.

"அப்ப ஹேண்ட்பிரேக் போடாம விட்டிருக்கா. ஷெட்டு வாசல் சரிவு. ராத்திரி தானா உருண்டு போயிருக்கு. அப்படித்தானே?"

"ம்."

இது பொய். ஒற்றை எழுத்துதான், ஆனால் முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஓட்டிய எந்த பஸ்ஸும் இத்தனை பாரம் சுமந்ததில்லை.

மருமகள் அவரை ஒரு தரம் பார்த்தாள். அவர் சான்றிதழைப் பார்த்தார். சான்றிதழ் அவரைப் பார்த்தது.

ஹெச்.எம். தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. பரீட்சை ரத்து. ஷோரூம்காரர் வந்து பார்க்கும்வரை தவளையை யாரும் தொடக் கூடாது. பெட்டியின் சாவி டிரைவரிடம் இருக்கட்டும், இனி எந்த வண்டியானாலும் சாவி அவரிடம்தான். "கீறல் படாத கை ஒண்ணு வீட்டுல இருக்கும்போது நமக்கு எதுக்கு வம்பு?"

டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் ஆசைப்பட்டதெல்லாம் இதுதான். ஐந்தரை மணிக்கு எழுந்ததே இதற்காகத்தான். இப்போது கைக்கு வந்தது, கையில் வைத்திருக்கத்தான் முடியவில்லை.

அடுத்தது டெலிபோன். ஹெச்.எம். நகரத்தில் இருக்கும் மகனுக்குச் செய்தி சொன்னார். மகன் சனிக்கிழமை மட்டும் வந்து போகிறவன், மூன்று வருடமாக மனைவியை 'அங்கே வந்து என்னோட இரு, போதும் ஆடு மேய்ச்சது' என்று கேட்டுக்கொண்டிருக்கிறவன். அவள் ஒவ்வொரு முறையும் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தாள். இன்று அவனுக்கு ஒரு காரணம் தட்டில் வைத்துக் கிடைத்தது. சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு வருகிறானாம். துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னானாம். ஆடுகளை யாருக்காவது விற்றுவிடலாமாம்.

மருமகள் அதைக் கேட்டாள். தலைக்கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு, சரிவில் நடந்து ஏறினாள்.

*

அந்த வீட்டில் ஒன்பது ஜன்னல்கள். ஒன்பதிலிருந்தும் வாய்க்கால் தெரியும் என்பதை டிரைவர் அன்றுதான் கவனித்தார். பல் தேய்க்கும் ஜன்னலில் தவளை. சமையலறை ஜன்னலில் தவளை. கண்ணை மூடினாலும் மல்லாந்து கிடக்கும் தவளை. பால்காரர் நின்று பார்த்தார். தபால்காரர் நின்று பார்த்து, யார் என்று விசாரித்து, "பொம்பளை கையில வண்டியைக் குடுத்தா" என்று ஆரம்பித்து, ஹெச்.எம். முறைப்பில் மீதியை விழுங்கினார். டிரைவர் கதவுக்குப் பின்னால் நின்று அதையும் கேட்டார்.

எத்தனையோ முறை வாய்க்கால் பக்கம் போய்ப் பல்லைத் தேடப் பார்த்தார். ஹெச்.எம். வராந்தாவில் நாற்காலி போட்டு, தேர்வு அறை கண்காணிப்பாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காலை உணவுக்குப் பாலில் நனைத்த ரொட்டி. அதையும் சப்பித்தான் விழுங்கினார். "பாவம், வண்டி போன துக்கத்துல மனுஷன் பேசக்கூட மாட்டேங்கறார்" என்று ஹெச்.எம். யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது. மீதி ரொட்டியைத் தட்டோடு தள்ளிவைத்தார்.

பதினொரு மணிக்கு மருமகள் ஓடி வந்தாள். முழங்கால் வரை மண். மேட்டுக் கொட்டகையில் மகாராணிக்குப் பிரசவ வலி, குட்டி குறுக்கே கிடக்கிறது. மகாராணி என்பது மந்தையிலேயே பெரிய ஆடு, அறுபது கிலோ, குணமும் பெயருக்கு ஏற்றது. கால்நடை மருத்துவர் வீட்டு வாசலுக்கு அரை மணியில் வருகிறாராம், மேலே வரை வர அவருக்கு மூட்டுவலி, ஆட்டைக் கீழே கொண்டுவந்துவிடச் சொன்னாராம்.

"சாவி" என்று கை நீட்டினாள். நீட்டிய கையை அவளே மடக்கிக்கொண்டாள். "நீங்களே ஓட்டுங்க மாமா. நான் தொடலை."

டிரைவர் பெட்டியில் ஏறினார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். ஸ்டியரிங் இருந்தது, காலில் ஆக்ஸிலரேட்டர் இருந்தது, தலைக்கு மேலே கண்ணாடிகூட இருந்தது. வண்டி வெண்ணெயாக ஏறியது. அதைப் பாராட்ட அவருக்கு முகம் இல்லை.

வாய்க்காலைத் தாண்டும்போது இருவரும் எதிர்ப்பக்கம் பார்த்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் மெதுவாகப் பேசினாள். "ஒருவேளை நான் பிரேக்கைப் போடலையோ என்னவோ மாமா. போட்ட ஞாபகம்தான். ஆனா எல்லாரும் சொல்லும்போது எனக்கே சந்தேகமாயிடுது."

டிரைவர் ரோட்டைப் பார்த்தார். ரோடு நேராகத்தான் இருந்தது.

"வீட்டுல எல்லாரும் ஏதாவது சொன்னாங்க. அவர் போன்ல அரை மணி நேரம் சொன்னார். நீங்க மட்டும்தான் என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுக்கு ரொம்ப நன்றி மாமா."

ஒரு மனிதன் வெட்கத்தில் எரிந்து சாம்பலாக முடியும் என்றால் அன்றைக்குப் பெட்டியின் டிரைவர் சீட்டில் ஒரு கைப்பிடிச் சாம்பலும் ஒரு ஜோடி ஷூவும்தான் மிஞ்சியிருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். காற்று புஸ்ஸென்று உள்ளே போனது. மூடிக்கொண்டார்.

கேட் வந்தது. அவர் சொன்னது சரிதான், தூணுக்கும் வண்டிக்கும் நாலு விரல் இடித்தது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, கொட்டகையிலிருந்து கேட் வரை, மகாராணியைத் தார்ப்பாயில் போட்டு இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அறுபது தப்படிதான். பத்தாவது தப்படியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் வாங்காத மாதிரி நடந்தாள்.

வருடக்கணக்காக இதைத்தான் இவள் தனியாகச் செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிவது வேறு, தார்ப்பாயின் மறு முனையைப் பிடிப்பது வேறு.

இறங்கும்போது அவள் பின்னால் பெட்டியில் உட்கார்ந்து ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் பழக்க தோஷத்தில் தலைக்கு மேலே பார்த்தார். காலையில் தேடிய கண்ணாடி இந்த வண்டியில் இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. ஆட்டின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் திருப்பி வைக்கலாமா என்று யோசித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் ஓடும் வண்டியில் அவர் கண்ணாடியைத் திருப்பியதில்லை. இன்றும் திருப்பவில்லை. வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மகாராணிக்கு இரண்டு குட்டி. இரண்டும் பிழைத்தன. மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் மூன்றும் போயிருக்கும், நல்லவேளை இந்த வண்டி இருந்தது, நல்லவேளை நல்ல டிரைவர் இருந்தார் என்றார்.

ஹெச்.எம். பெருமையாகத் தலையசைத்தார்.

*

சரியாக நாலு மணிக்கு ஷோரூம்காரர் லாரியோடு வந்தார். கூட வந்த இரண்டு பேர் சங்கிலி போட்டுத் தவளையைப் புரட்டி நிமிர்த்தினார்கள். ஹேண்டில் வளைந்திருந்தது, ஒரு மட்கார்டு பிளந்திருந்தது. பெரிய சேதம் இல்லை, சரிசெய்துவிடலாம், யாருக்கும் அடி இல்லையே அதுதான் முக்கியம் என்றார். நல்ல மனிதர். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா இது தானா உருண்ட வண்டி இல்லைம்மா" என்றார். "சாவி ஆன்ல இருக்கு பாருங்க. பேட்டரியே செத்துப்போச்சு. கியர்லயும் இருக்கு. டேங்க் வேற பாதித் தண்ணியோட கட்டியிருக்கு. யாரோ ஓட்டிக்கிட்டுப் போய்த்தான் கவுந்திருக்கு."

ஹெச்.எம். நாற்காலியிலிருந்து எழுந்தார். கொல்லைக் குழாயடியில் மருமகள் குட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடாமல், அந்தத் திசையைப் பார்த்து, வகுப்பறைக் குரலில் பேசினார்.

"பிரேக் போட மறந்தது தப்புன்னா மன்னிச்சிருப்பேன். ஓட்டிக் கவுத்துட்டு, தெரியாதுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னியே, அதை எப்படி மன்னிக்கிறது? என் பையன் சொல்றதுதான் சரி. நீ கிளம்புறதுதான் நல்லது."

மருமகள் நிமிர்ந்தாள். கையில் ஈரத் துணி. அவள் ஹெச்.எம்.மைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

டிரைவர் முற்றத்தின் நடுவுக்கு வந்தார். எதற்கு நடுவுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஷோரூம்காரர், லாரிக்காரர்கள் இரண்டு பேர், வேலிக்கு வெளியே வேடிக்கை பார்க்க நின்ற தபால்காரர், இத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்தார்.

"நாந்ஃபான்" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை.

"ஃபண்டியைக் கவுத்ஃபது நாந்ஃபான். அவ இல்லை."

லாரிக்காரர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க லாரிக்குப் பின்னால் ஓடினான். ஹெச்.எம். கணவர் அருகில் வந்து, முதல் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது போல, "வாயைத் திறங்க" என்றார். திறந்தார். ஹெச்.எம். பார்த்தார். காலையிலிருந்து ரொட்டியும் பாலும், அந்த 'ம்' எல்லாம் ஒரே நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் கோபப்படுவார் என்று டிரைவர் காத்திருந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. ஹெச்.எம். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "பதினேழு வருஷத்துல ஒரு பிள்ளையை விசாரிக்காம நான் வெளியே நிறுத்தினதில்லை" என்றார், யாரிடமும் இல்லாமல். அப்புறம் போனை எடுத்து மகனுக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் போல.

தவளை லாரியில் ஏறியது. எந்த வண்டி வேண்டும் என்று ஷோரூம்காரர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பெட்டி அங்கேயே நின்றது.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டிரைவருக்கு முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டினாள்.

"டிரைவர், சாவி."

எட்டு வருடத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கொடுத்தார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, மேட்டுக் கொட்டகைக்கு மாலைத் தீவனம் ஏற்றிப் போனாள்.

*

கூடத்துக்குப் போகப் பிடிக்காமல் டிரைவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டு கேட்டுக்கு நடந்தார். அந்தத் தூண் பதினைந்து வருடத்துக்கு முன் அவரே நட்டது, யானை வந்து முட்டினாலும் அசையக் கூடாது என்று அரை மூட்டை சிமென்ட் போட்டு. யானை எதுவும் வரவில்லை. இப்போது அவர்தான் முட்டிக்கொண்டிருந்தார். அரை மணியில் கையில் கொப்புளம், தூணில் ஒரு சின்ன ஆட்டம்.

தீவனத்தைப் போட்டுவிட்டு மருமகள் கொட்டகையிலிருந்து இறங்கி வந்தாள். கடப்பாரையைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே, சுத்தமாகக் கழுவி, நாலு பல்.

"போட்டுக்கிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க. அங்க சொன்னது பாதி எனக்குப் புரியலை."

டிரைவர் வாங்கி மாட்டினார். டக் என்று சத்தம் கேட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வண்டியைக் கவுத்தது நான்தான். உன் கையுறையை எடுத்ததும் நான்தான். காலையில ரெண்டு தடவை 'ம்' சொன்னதும் நான்தான்."

அவள் தலையசைத்தாள்.

"இது எப்பம்மா கிடைச்சது?"

"காலையில. அத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டினப்போ கையுறையைக் குனிஞ்சு எடுத்தேன். அதுக்குக் கீழதான் இருந்தது."

டிரைவர் மனசுக்குள் கடிகாரத்தைப் பின்னால் திருப்பினார். கையுறையை எடுத்தது விசாரணைக்கு முன்னால். அவருடைய முதல் 'ம்'முக்கு முன்னால். நாள் முழுக்க அவர் பல் அவள் பையில் இருந்திருக்கிறது. பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்தபோதும், தார்ப்பாயைத் தூக்கியபோதும்.

"அங்கேயே காட்டியிருக்கலாமே."

"காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கணும்போல இருந்தது." அவள் கைக்குட்டையை மடித்தாள். "சாயங்காலம் நாலு மணி ஆகும்னு நினைக்கலை."

கடப்பாரை கையிலிருந்து நழுவி மண்ணில் சாய்ந்தது.

"அப்ப... அந்த ஹேண்ட்பிரேக்கு?"

"போட்டிருந்தேன். நான் எப்பவும் போடுவேன்."

கீழே சந்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. மகனின் கார், தவளை கிடந்த இடத்தைத் தாண்டி, வேகம் குறையாமல் வீட்டை நோக்கிப் போனது. அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் போனில் கேட்டதுதான்.

மருமகள் பெட்டியில் ஏறி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டைக் காட்டினாள். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர் வண்டியைச் சுற்றி வந்து, பயணியாக ஏறி, சொல்வதற்கு முன்பே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

வண்டி இறங்கியது. அவர் நாக்கால் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், மூன்றாவது முறை சொல்லும்போது ஒரு எழுத்துகூடக் குழறக் கூடாது. அதைக் கேட்டு மகன் என்ன சொல்வான், இவள் நாளைக்கு இந்த ஸ்டியரிங்கில் இருப்பாளா, மாட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு தடவைகூட 'மாமா' என்று சொல்லவில்லை. அவர் எண்ணிக்கொண்டே வந்தார்.